துண்டு கேட்கும் தண்ணீர்

சத்தியராஜை அடக்கம் செய்த மறுவாரம் ஒரு திங்கட்கிழமை காலையில், அவன் தன் வீட்டுக் கழிப்பறையின் ஃபிளஷ் தொட்டிக்குள்ளிருந்து துண்டு கேட்டான். சென்னீர்குப்பத்தில் நெடுஞ்சாலையை ஒட்டி மூன்று பிளாக்குகளாக நிற்கும் குடியிருப்பில், பி பிளாக் மூன்றாம் மாடியில் இது நடந்தது. "ஹெலி, அந்தத் துண்ட குடும்மே" என்றது குரல். தலையில் தண்ணீரை ஊற்றிக்கொண்ட பிறகுதான் அவனுக்குத் துண்டு ஞாபகம் வரும். உயிரோடு இருந்தவரை அதை மாற்றிக்கொள்ளவில்லை, செத்த பிறகு மாற்றிக்கொள்வான் என்று எதிர்பார்ப்பதும் நியாயமில்லை. அவன் மனைவி ஹெலினா பழக்க தோஷத்தில் கொடியிலிருந்து துண்டை உருவிக்கொண்டு போனாள். கதவைத் தட்டக் கையை ஓங்கியபோதுதான் அது திறந்தே கிடப்பதைப் பார்த்தாள்.

காரணம் அவளுக்கு உடனே விளங்கியது, ஏனென்றால் அவள் படித்த படிப்பே அதுதான். தூத்துக்குடியிலிருந்து பட்டணம் வந்து, கழிவுநீரைச் சுத்தம் செய்து மறுபடி பயன்படுத்தும் வேலையில் தலைமுடி நரைத்த பொறியாளர் அவள். அந்தக் குடியிருப்பில் குளித்ததும் துவைத்ததும் கழுவியதுமாக எல்லாத் தண்ணீரும் கேட்டுக்குப் பக்கத்தில் உள்ள சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போகும். அங்கே தெளிந்து, மாடித் தொட்டிக்கு ஏறி, எல்லார் வீட்டு ஃபிளஷுக்கும் திரும்பி வரும். சத்தியராஜ் கடைசி நாள் காலையில் குளித்துவிட்டுத்தான் கிளம்பினான். அம்பத்தூர் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தவன், எஸ்டேட் என்று சொல்லும் தொழிற்பேட்டையில் தான் சூப்பர்வைசராக இருந்த டியூப் கம்பெனி நிறுத்தம் வந்தும் இறங்கவில்லை. ஆள் கல்லறைக்குப் போய்விட்டான், குளித்த தண்ணீர் மட்டும் வீட்டைச் சுற்றிக்கொண்டிருந்தது.

எல்லாருக்கும் பொதுவான தண்ணீர் என்பதால் குரலும் எல்லார் வீட்டுக்கும் போனது. ஒரு நாள் ஏ பிளாக்கில் கேட்கும், இன்னொரு நாள் சி பிளாக்கில். அங்கே குடியிருந்தவர்கள் பெரும்பாலும் வெளியூரிலிருந்து வேலைக்கு வந்து கடனில் வீடு வாங்கியவர்கள்; லிப்டில் பார்த்தால் போனைப் பார்ப்பார்கள். அவர்கள் இதைக் குழாய் ரிப்பேர் கணக்கில்தான் எடுத்துக்கொண்டார்கள். குடியிருப்போர் சங்கச் செயலாளர் பிரசன்னா, கணினி நிறுவனத்தில் வேலை பார்ப்பவன், நிலையத்தைக் கவனிக்கும் பக்தவத்சலத்தைக் கூப்பிட்டு விசாரித்தான். "தண்ணி சுத்தமாதான் கீது சார். டெஸ்ட்ல எல்லாம் கரீட்டா வந்துகினு கீது. கொரலு மட்டும் எந்த ஃபில்டர்லயும் நிக்க மாட்டேங்குது" என்றான் அவன். அதோடு விசாரணை முடிந்தது.

இன்டர்காமில் கூப்பிடுவார்கள். "ஆன்ட்டி, அங்கிள் இன்னைக்கு எங்க வீட்ல இருக்கார்." ஹெலினா துண்டோடு போவாள். அதுவரை பெயர்கூடத் தெரியாத மனிதர்களின் குளியலறையில், அவர்களுடைய ஷாம்பு பாட்டில்களுக்கு நடுவில், தொட்டி நிரம்பி அடங்கும்வரை நிற்பாள். வீட்டுக்காரர்கள் ஹாலில் டிவி சத்தத்தைக் குறைத்து வைப்பார்கள். பிறகு அவள் நனையாத துண்டை மடித்து எடுத்துக்கொண்டு படியிறங்கி வருவாள். கொஞ்ச காலத்தில் அவர்களுக்குப் பழகிப்போய்க் கூப்பிடுவதை விட்டுவிட்டார்கள். அதில் அவளுக்கு வருத்தம் இருந்தது, ஆனால் யாரிடம் போய்ச் சொல்வது. ஒருமுறை ஒரு பக்கெட்டில் தண்ணீரைப் பிடித்து மூடி வைத்துப் பார்த்தாள். தேங்கின தண்ணீர் வாயே திறக்கவில்லை. சுற்றி வருகிற தண்ணீருக்குத்தான் குரல் இருந்தது.

இந்த இடத்தில் மறுநீர்ச் சங்கத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். சத்தியராஜ் இருந்த காலத்திலேயே ஹெலினா தொடங்கியது அது. அரசுப் பணியில் ஓய்வு பெற்ற பொறியாளர் இருதயராஜ், அம்பத்தூர் எஸ்டேட்டில் நிக்கல் முலாம் பட்டறை வைத்திருந்த ஜமீலா, இரண்டு கல்லூரி ஆசிரியர்கள், ஒரு வக்கீல் என்று ஆட்கள் மாதம் ஒருமுறை அம்பத்தூரில் ஒரு தேவாலய ஹாலில் கூடுவார்கள். அவர்கள் கேட்டது ஒன்றே ஒன்று. பூந்தமல்லிப் பக்கத்து அடுக்குமாடிகள் சுத்தம் செய்து மீந்து போய் சாக்கடையில் விடும் தண்ணீரை, அரசு செலவில் குழாய் போட்டு, இன்னொரு முறை சுத்தம் செய்து, லாரித் தண்ணீருக்குக் காசு அழுது சாகும் பட்டறைகளுக்குக் கொடுக்க வேண்டும். யாருக்கும் இதில் ஆட்சேபணை இருக்கவில்லை, அதனால்தான் வருஷக்கணக்கில் எதுவும் நடக்கவில்லை. ஆட்சேபணை இருந்திருந்தாலாவது யாராவது படித்துப் பார்த்திருப்பார்கள். இருதயராஜ் தலைமைச் செயலகத்துக்கு நடந்து நடந்து இரண்டு செருப்பு தேய்ந்தது. ஹெலினா ஒரே விளக்கத்தை மாறி மாறி வந்த அதிகாரிகளுக்குச் சொல்லிச் சொல்லி, கடைசியில் தூக்கத்திலும் சொன்னாள். புருஷன் போன பிறகு அவளுக்கு இருந்தது இந்த வேலையும் அந்தக் குரலும்தான். ஒரு கோடைப் பஞ்சத்தின் முடிவில், பட்ஜெட்டில் திட்டத்துக்குப் பணம் ஒதுக்கினார்கள்.

முதல் இணைப்பு ஹெலினாவின் குடியிருப்பிலிருந்துதான். நிதியாண்டு முடிவதற்குள் இணைக்காவிட்டால் பணம் திரும்பிப் போய்விடும். ஒரு நிபந்தனையும் இருந்தது: இணைக்கும் நாளில் வளாகத்தின் எல்லாத் தொட்டிகளையும் ஒருசேரத் திறந்து, பழைய தண்ணீர் முழுவதையும் குழாயில் அனுப்பி, அடியில் படிந்த கசடைக் கழுவிய பிறகே புதுத் தண்ணீர் விட வேண்டும். நல்ல நிபந்தனை. அதை எழுதிக் கொடுத்தவளே ஹெலினாதான், சத்தியராஜ் பக்கத்தில் உட்கார்ந்து கடலை கொறித்துக்கொண்டிருந்த ஒரு மாலையில். இப்போது மறுநீர்ச் சங்கத்தின் சார்பில் சம்மதம் கொடுக்க வேண்டியவளும் அவள்தான். முதலில் பம்ப் சரியில்லை என்றாள். பிறகு இன்னொரு பரிசோதனை வேண்டும் என்றாள். இருதயராஜ் போன் செய்தபோது காய்ச்சல் என்றாள். பொய் சொல்லிப் பழக்கமில்லாதவள், அதனால் எல்லாரும் நம்பினார்கள்.

ஜமீலா மட்டும் நம்பாமல் ஒரு நாள் காலையில் வீட்டுக்கே வந்துவிட்டாள். காபி கலந்துகொண்டிருக்கும்போதே உள்ளேயிருந்து குரல் கேட்டது. ஜமீலா டம்ளரை வாங்கிக்கொண்டு, கழிப்பறைக் கதவைப் பார்த்தாள்.

"உன் ஊட்டுக்காரரா?"

"ஆமா."

"இதுக்குத்தான் இழுத்தட்சிகினு கீறியா?"

"தொட்டிய காலி பண்ணிட்டா போயிடுவார் ஜமீலா."

"எங்க போவாரு? எஸ்டேட்டுக்குத்தான. இத்தினி வருசமா டெய்லி போன எடம்."

"அங்க அவ்வளவு தண்ணியில நான் எங்கன்னு போய்த் தேடுறது?"

ஜமீலா காபியைக் குடித்து முடித்து, டம்ளரைத் தானே கழுவி வைத்தாள். "அது எனக்குத் தெர்லமா. லாரித் தண்ணிய வாங்கி இனிமே என்னால முடியாது. அட்த்த மாசம் பட்டறைய மூடப்போறேன். ஏழு பொம்பளைங்க வேல பாக்குறாங்க, அவங்ககிட்ட இன்னும் சொல்லல. நீ சம்மதிச்சாலும் இல்லாங்காட்டியும் உன்கூட பேசாம இருக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டுப் போனாள். கோபப்பட்டிருந்தால் ஹெலினாவுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

அன்று மதியம் அவள் சம்மதத்தை எழுதி அனுப்பினாள். தொட்டிகளைத் திறந்த காலையில், எல்லா வீடுகளிலும் ஒரே நேரத்தில் சத்தியராஜ் துண்டு கேட்டான். ஆபீசுக்குக் கிளம்பியவர்கள் ஒரு நிமிஷம் நின்று கேட்டுவிட்டு ஷூ மாட்டினார்கள். கீழே பக்தவத்சலம் வால்வைத் திருப்பினான். குழாய் நடுங்கியது, பிறகு அடங்கியது. ஹெலினா பக்கத்திலேயே நின்று, ஓட்டத்தின் அளவைச் சரிபார்த்து, சரி என்று தலையாட்டினாள்.

திட்டம் பிரமாதமாக நடந்தது. திறப்பு விழாவில் அவளுக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். ஜமீலாவின் பட்டறை மூடப்படவில்லை. எஸ்டேட்டுக்குப் போன குரல் அங்கே பல பட்டறைகளுக்கும் பிரிந்ததில் துண்டு துண்டாகச் சிதறியது. ஒரு லேத் கடையில் தொண்டையைக் கனைக்கும் சத்தம் மட்டும் வந்தது, இன்னொன்றில் "குடும்மே" என்ற சொல் மட்டும். துண்டு என்று கேட்ட இடங்களில் தொழிலாளிகள் குழாய்க்குப் பக்கத்தில் ஒரு ஆணி அடித்துத் துண்டு மாட்டினார்கள். கேட்காத இடங்களிலும் எதற்கும் இருக்கட்டும் என்று மாட்டினார்கள். வெளிமாநிலங்களிலிருந்து பார்வையிட வந்த நிபுணர்கள் அதையும் குறித்துக்கொண்டு போனார்கள். ஆவடிக்குத் திட்டத்தை நீட்டித்தபோது வந்த அரசாணையில், ஒவ்வொரு இணைப்புக்கும் ஒரு பருத்தித் துண்டு என்று சேர்த்திருந்தார்கள். நிதித்துறை கேள்வி கேட்காமல் விட்ட செலவு அநேகமாக அது ஒன்றாகத்தான் இருக்கும்.

ஹெலினாவின் வீட்டில் தொட்டி நிரம்பும் சத்தம் மட்டும் மிஞ்சியது. சுத்தமான, எதையும் கேட்காத தண்ணீர். அவள் வேலைக்குப் போனாள், வந்தாள், ஒரு ஆளுக்குச் சமைத்தாள், அதிலும் மிச்சம் வைத்தாள். எஸ்டேட் பக்கம் மட்டும் போகவே இல்லை. சிதறிக் கிடப்பவனைப் பார்க்கப் பயமாக இருந்தது. மழைக்காலம் முடிந்த பிறகு ஜமீலா போன் செய்து, "ஒரு வாட்டி வந்துட்டுப் போ" என்று மட்டும் சொன்னாள்.

அந்தச் சனிக்கிழமை ஹெலினா பஸ்ஸில் போனாள். பட்டறையில் பூங்காவனம் என்கிற பெண் முலாம் பூசிய கொக்கிகளைத் தண்ணீரில் அலசிக்கொண்டிருந்தாள். கைவேலையை விடாமல், காலாலேயே ஒரு ஸ்டூலைத் தள்ளிப் போட்டாள். குழாயைத் திறந்தார்கள். "ஹெலி" என்றது தண்ணீர். அவள் மீதிக்காகக் காத்திருந்தாள். தொட்டி பாதி நிரம்பியது. "ஹெலி" என்றது மறுபடியும். துண்டு இல்லை, சாவி இல்லை, காபி இல்லை. கல்யாணமான நாளிலிருந்து அவன் எதுவும் கேட்காமல் பெயரை மட்டும் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. "என்ன" என்றாள் ஹெலினா. ஒன்றுமில்லை என்பதுபோலத் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

இப்போதும் சனிக்கிழமைகளில் போகிறாள். பஸ் தாமதமானால் பூங்காவனம் தலை நிமிராமலே சொல்கிறாள்: "இன்னாக்கா இவ்ளோ லேட்டு. அண்ணன் ரெண்டு வாட்டி கூப்ட்டாரு."