மயன் மண்டபம்

வேலம்மாளுக்குப் பத்து நாளாக வயிறு எரிந்துகொண்டிருந்தது. எரியாமல் என்ன செய்யும்? தன் சேரி சனம் தலைமுறை தலைமுறையாகக் குந்தியிருந்த குளக்கரையில், அந்த இடத்தையே அடைக்கிற மண்டபத்துக்கு அவளே கல் சுமந்துகொண்டிருந்தாள்.

பாகூருக்குத் தெற்கே இருக்கிற அந்த ஊர்ச் சிவன் கோயிலுக்குள் சேரிக்காரர்கள் போக முடியாது. ஆனால் பங்குனி ஏழு, எட்டு, ஒன்பது மூன்று நாளும் உதய வெயில் குளத்தைத் தாண்டி, வாசல் வழியாக நேரே போய் லிங்கத்தின் மேல் விழும். அந்த மூன்று காலையும் கீழக்கரையிலிருந்து சாமி பார்க்க அவர்களுக்குப் பாத்தியதை உண்டு. அவர்கள் பாட்டன் பூட்டன் கல் சுமந்து கட்டிய கோயில் என்பதற்காக எந்தக் காலத்திலோ ஊர் கொடுத்தது. ஒரே ஒரு கட்டுப்பாடு, நிற்கக் கூடாது. நின்றால் தலை வெயிலை மறைக்கும். குந்தித்தான் பார்க்க வேண்டும். கொஞ்சம் பொழுது ஏறினால் வாசல் நிலை வெயிலைத் தடுத்துவிடும், அவ்வளவுதான் தரிசனம்.

மாசியில் புதுச்சேரியிலிருந்து ஒரு வெள்ளைக்காரத் துரை திசைகாட்டியோடு வந்து வாசலை அளந்து பார்த்தார். அவர் பேசியதைக் கூட வந்த குமாஸ்தா மரியதாஸ் தமிழில் சொன்னார்.

"கடலுக்கு அந்தாண்ட, அமெரிக்காவுல, மாயான்னு ஒரு சனமாம். அவங்களும் இப்படித்தான் சூரியனுக்கு நேர் புடிச்சிக் கட்டியிருக்காங்களாம். கோயிலுக்குக் கெழக்கால வரிசையா மூணு கட்டடம். பகலும் ராவும் சமமா இருக்கற நாளுல நடுக்கட்டடத்துக்குப் பின்னாலேர்ந்து சூரியன் கெளம்புமாம்."

பண்ணையார் சிவப்பிரகாசம்தான் கோயில் தர்மகர்த்தாவும். இத்தனை பேச்சில் அவர் காதில் ஏறியது ஒரே ஒரு சொல்.

"மயனா?"

"மயன் இல்லீங்க, மாயா."

"எல்லாம் நம்ம தெய்வத் தச்சன் மயன்தான்யா. வெள்ளைக்காரன் வாயில மாயான்னு வருது. அதான பாத்தேன், இந்த நேர்த்தி மனுசன் கைக்கு வருமா?"

மறுநாளே தீர்ப்பும் வந்துவிட்டது. கோயில் மயன் கட்டியது, சேரிக்காரன் கட்டவில்லை, ஆகவே பாத்தியதையும் கிடையாது. அமெரிக்காவில் இருக்கிற மாதிரியே கீழக்கரையில் மயனுக்கு ஒரு மண்டபம் எழும்பும். எப்போது சாக்குக் கிடைக்கும் என்று காத்திருந்த மனுஷனுக்குத் துரையே வந்து வெற்றிலை பாக்கு வைத்துக் கொடுத்த மாதிரி ஆகிவிட்டது.

கல்லும் சாந்துமாகச் சுவர் எழும்பியபோது வேலம்மாள் வாய் திறந்தாள்.

"ஆண்டே, நாங்க நின்னாலே மறைக்கும்னு குந்த வெச்சீங்க. இது ரெண்டாள் ஒசரம் இருக்குது."

"மயன் கணக்கு உனக்கு இன்னாடி தெரியும்? கல்லத் தூக்கு."

தூக்கினாள். தூக்காவிட்டால் சேரியில் ஒருத்தருக்கும் அறுப்புக்கு அழைப்பு வராது. அந்த ஆத்திரத்தோடுதான் கடைசிக் கல்லும் ஏறியது.

பங்குனி ஏழு. ஊர் முழுக்கக் கோயிலில் கூடியிருந்தது. சேரி சனம் கரைக்குக் கீழே ஒதுங்கி நின்றது. சூரியன் தவறாமல் வந்தான். வந்து மண்டபத்தின் முதுகுச் சுவரில் காய்ந்தான். மண்டபத்துக்கு மேலே அவன் ஏறியபோது வாசல் நிலை தடுத்துவிட்டது. லிங்கம் இருட்டிலேயே கிடந்தது. சாமி குத்தம் என்று ஊர் முணுமுணுக்க ஆரம்பித்தது.

பண்ணையார் வேர்த்து விறுவிறுத்துக் கரைக்கு வந்தார். "வேலம்மா, ஆளுங்களக் கூப்புடு. இன்னிக்கே இத இடிச்சுடணும்."

"கோயில யாரு கட்டினது ஆண்டே?"

"அது இன்னாத்துக்கு இப்ப?"

"சொல்லுங்க ஆண்டே."

"மயன்தான்."

"அப்ப மயனையே கூப்புடுங்க ஆண்டே. அவரு வந்து இடிக்கட்டும்."

சொல்லிவிட்டுக் குந்தினாள். பின்னால் நாற்பது பேரும் குந்தினார்கள். அதுதான் அவர்களுக்குப் பழக்கமாயிற்றே. பண்ணையார் ஊர்க்காரர்களைக் கூப்பிட்டுப் பார்த்தார். மயன் மண்டபம், புனிதம் என்று அவரே ஊதி வைத்திருந்ததால் ஒருவரும் கடப்பாரையைத் தொடவில்லை. "அறுப்புக்கு ஒருத்தரும் வராதீங்க" என்று மிரட்டினார். யாரும் அசையவில்லை.

மறுநாள், பங்குனி எட்டிலும் லிங்கம் இருட்டில் இருந்தது. இப்போது ஊர் அவர் முகத்துக்கு நேரேயே ஏசியது. மத்தியானம் தனியாக வந்தார்.

"உங்க பாட்டன் பூட்டன்தான் கட்டினாங்க. போதுமா?" என்றார் தரையைப் பார்த்து.

வேலம்மாள் கடப்பாரையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். "என்கிட்ட இன்னாத்துக்கு? எனக்குத் தெரியும். கோயிலப் பாத்துச் சொல்லு."

அவள் வாயிலிருந்து 'ஆண்டே' வராதது அதுதான் முதல் தடவை. பண்ணையார் திரும்பினார். குளத்துக்கு அந்தப் பக்கம் நின்ற ஊருக்கெல்லாம் கேட்கிற மாதிரி சொன்னார். அதற்குப் பிறகுதான் முதல் கல் பெயர்ந்தது.

ஒன்பதாம் நாள் காலை வெயில் வாசலுக்குள் புகுந்து லிங்கத்தின் மேல் விழுந்தது. கரையில் பக்கத்தில் குந்தியிருந்த சேரிப் பெண் தனக்கொடி, வேலம்மாளின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நாமதான் கட்டினோம்னு அவரு வாயாலயே சொல்லிட்டாரு பாத்தியாக்கா."

"சொன்னாரு" என்றாள் வேலம்மாள். கோபம் அப்படியே இருந்தது. "கட்டினவள உள்ள வான்னு சொன்னாரா?"