அண்ணாவின் இலக்கத் தகடு

கொள்ளுப்பிட்டிச் சந்தியில் என்னை மறித்த சார்ஜன்ட் முதலில் லைசன்ஸைக் கேட்கவில்லை. ஸ்கூட்டியின் முன்னால் குனிந்து இலக்கத் தகட்டை நகத்தால் சுரண்டிப் பார்த்தார். வெள்ளை ஸ்டிக்கரின் ஓரம் கிளம்பியது.

"இது என்ன நங்கி, கல்யாண அழைப்புக் காட்டா?" என்று, தங்கையை அழைப்பதுபோல் சிங்களத்தில் கேட்டார். பக்கத்தில் நின்ற கான்ஸ்டபிள் சிரித்தார்.

எழுத்துகள் ஒரு பக்கம் சரிந்து, வால் வைத்திருந்தன. கொட்டாஞ்சேனையில் நான் வேலை செய்யும் இரத்தப் பரிசோதனை நிலையத்துக்கு இரண்டு கடை தள்ளி, ஷிப்லி நானாவின் ஸ்டிக்கர் கடை. அவர்தான் செய்து தந்தார். தரும்போதே சொன்னார்: "புள்ள, இது கவர்மென்ட் தகடு இல்ல. பொலிஸ் புடிச்சா நம்மட பேரச் சொல்லப்படாது. அழகுக்கு மட்டும்தான் நான் பொறுப்பு."

நான் அவருடைய பெயரைச் சொல்லவில்லை. சார்ஜன்டும் கேட்கவில்லை.

"பொய் நம்பரோட வந்துதான் ஆக்களைச் சுட்டுப்போட்டு ஓடுறாங்கள். இப்ப எல்லா வாகனத்தையும் பார்க்கச் சொல்லி மேலிடத்து உத்தரவு. உண்மையான தகடு எங்கே?"

"விபத்தில் மடிந்துவிட்டது."

"மடிந்த தகடு எங்கே?"

நான் வாகனப் பதிவுப் புத்தகத்தை எடுத்து நீட்டினேன். அவர் அதைப் புரட்டினார்.

"பிரசாந். யார் இது?"

"அண்ணா. போன வருஷம் இறந்துவிட்டார். இதே ஸ்கூட்டியில், இதே வீதியில்தான்."

கான்ஸ்டபிள் வேறு பக்கம் பார்த்தார். சார்ஜன்ட் புத்தகத்தை மூடினார். தகடு தொலைந்தால் அன்றைக்கே முறைப்பாடு செய்திருக்க வேண்டும், அந்தப் பிரதியைக் காட்டினால்தான் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களம் புதுத் தகடு தரும் என்றார். உரிமையாளர் உயிருடன் இல்லாததால் தாயோ தகப்பனோ வந்து வாக்குமூலம் கொடுக்க வேண்டும். அதுவரை ஸ்கூட்டி பொலிஸ் நிலையத்தில் நிற்கும்.

"நாளைக்கு அம்மாவைக் கூட்டிக்கொண்டு வா."

அப்பா இல்லை. அம்மாதான் வர வேண்டும். அம்மாவை அங்கே கூட்டிப் போக முடியாததற்குக் காரணம் எனக்கு மட்டும்தான் தெரியும்.

அண்ணா இறந்து மூன்றாவது வாரம் ஸ்கூட்டியைப் பொலிஸ் விடுவித்தது. நான் கையெழுத்து வைத்து எடுத்தேன். முன் தகடு நடுவில் மடிந்து, கழன்றிருந்தது. அதையும் கையில் தந்தார்கள். அம்மா அதை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். பிறகு அதை இறக்கவில்லை. சாப்பாட்டுக்குக் கூப்பிட்டால், "இவனுக்கு வலிக்குது பிள்ளை, பிறகு சாப்பிடுறன்" என்பார். இரவில் தலைமாட்டில் வைத்துக்கொண்டு படுப்பார். மடிந்த இடத்தில் இரண்டு தரம் விரலை வெட்டிக்கொண்டார். எட்டு நாளில் நாலு கிலோ குறைந்திருந்தார். எழுதி வைத்திருந்தேன். எண்களைப் பார்க்கத்தான் எனக்குத் தெரியும்.

முப்பத்தோராம் நாள், சாம்பலைக் கடலில் விடும் அந்தியேட்டிக் கிரியைக்கு முகத்துவாரக் கடற்கரைக்குப் போனோம். அன்று விடியமுன் வீட்டில் அம்மா குளிக்கப்போன நேரத்தில் தகட்டை எடுத்து, சாம்பல் முட்டி என்ற சிறு மண்பானை வைத்திருந்த வெள்ளைத் துணிக்குள் வைத்துக் கட்டினேன். பெரியப்பாவின் மகன் கிஷாந்த் அண்ணாதான் கிரியை செய்தார். முட்டியைத் தூக்கும்போது பாரம் தெரிந்திருக்கும். என்னை ஒருமுறை பார்த்தார். பிறகு இடுப்பளவு தண்ணீருக்குள் இறங்கி, துணியோடு விட்டார்.

திரும்பி வந்து அம்மா தகட்டைத் தேடினார். "வழக்குக்கு வேணுமெண்டு பொலிஸ் திருப்பி எடுத்துக்கொண்டு போயிட்டினம்" என்றேன்.

"முடிஞ்சால் தருவினமோ?"

"ஓம் அம்மா."

அன்று மத்தியானம் அம்மா சோறு சாப்பிட்டார். நான் செய்தது சரி என்று அப்போது நினைத்தேன். பிறகு ஒவ்வொரு மாதமும், "வழக்கு என்ன மாதிரி?" என்று கேட்பார். "இன்னும் முடியேல்லை" என்பேன்.

சார்ஜன்ட் மறித்த அன்று பின்னேரம், ஸ்கூட்டியைப் பிடித்துவிட்டார்கள், நாளைக்கு வர வேண்டும் என்று சொன்னதும் அம்மா கவலைப்படவில்லை.

"அப்ப நல்லதுதானே. அவையளிட்டைத்தான் எங்கட தகடு கிடக்கு. அதைத் தராமல் வைச்சுக்கொண்டு, உன்னட்டைத் தகடு எங்கையெண்டு கேக்கினமோ? நான் வந்து கேக்கிறன்."

"அம்மா, நீங்கள் ஒண்டும் கேக்கத் தேவையில்லை. கையெழுத்து மட்டும் வைச்சால் போதும்."

"ஏன், எனக்கு வாய் இல்லையோ? சிங்களத்தில என்னெண்டு கேக்கிறது, சொல்லித் தா."

அப்போது உண்மையைச் சொல்லியிருக்கலாம். நான் சிங்கள வசனத்தைச் சொன்னேன்.

"மகே புத்தாகே நம்பர் பிளேட் எக்க தென்ன, மஹத்தயா." என் மகனின் இலக்கத் தகட்டைத் தாருங்கள், ஐயா.

அம்மா அடுப்படியில் நின்று திருப்பித் திருப்பிச் சொன்னார். 'புத்தாகே' என்பது வரவில்லை. நான் திருத்தினேன். அடுத்த நாள் வெளிர்நீலச் சேலை கட்டி, மரணச் சான்றிதழையும் அண்ணாவின் அடையாள அட்டைப் பிரதியையும் பைக்குள் வைத்துக்கொண்டு வந்தார். பஸ்ஸிலும் உதடு அசைந்தது. வெள்ளவத்தையிலிருந்து பொலிஸ் நிலையத்துக்குப் போகும்வரை சொல்ல எனக்கு நேரம் இருந்தது. பக்கத்தில் ஆட்கள் இருக்கிறார்கள் என்று எனக்கே சாட்டுச் சொல்லிக்கொண்டேன்.

நேற்றைய சார்ஜன்ட்தான் மேசையில் இருந்தார். நாங்கள் உட்காருமுன் அம்மா சொன்னார், ஒரு பிழையும் இல்லாமல்.

"மகே புத்தாகே நம்பர் பிளேட் எக்க தென்ன, மஹத்தயா."

சார்ஜன்ட் என்னைப் பார்த்தார். பிறகு எழுந்து போய்ப் பழைய விபத்துப் பதிவேட்டை எடுத்து வந்தார். அந்த விபத்தைப் பதிந்ததும் இதே நிலையம்தான். விரலை வைத்து வாசித்துக்கொண்டு வந்தவர், ஓரிடத்தில் நிறுத்தி, புத்தகத்தை என் பக்கம் திருப்பினார். ஸ்கூட்டி ஒன்று, தலைக்கவசம் ஒன்று, சேதமடைந்த முன் இலக்கத் தகடு ஒன்று. திருப்பிக் கொடுக்கப்பட்டன. கீழே என் கையெழுத்து.

"இதுக்குப் பிறகு நாங்கள் எடுக்கவில்லையே நங்கி."

"இல்லை சேர்." சிங்களத்தில் சொன்னேன். "சாம்பலோடு கடலில் போட்டேன். நான்தான்."

அவர் பேனாவை மூடினார்.

"அம்மாவுக்குத் தெரியுமா?"

தலையை ஆட்டினேன், இல்லை என்று.

அம்மா இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். "என்னவாம்? இருக்காமோ?"

சார்ஜன்ட் குரலைத் தாழ்த்தினார். "கடலில் போட்டதாக எழுதினால் உனக்கு வேறு பிரச்சினை வரும். தொலைந்தது என்று எழுதுகிறேன். ஆனால் கையெழுத்து அம்மாவுடையது. எதுக்கு வைக்கிறார் என்று தெரியாமல் நான் வாங்க மாட்டேன். நீ சொல்லு." எழுந்து வாசலுக்குப் போய், எங்களுக்கு முதுகு காட்டி நின்றார்.

"அம்மா, பொலிஸ் எடுக்கேல்லை. அந்தியேட்டி அண்டைக்கு நான்தான் முட்டியோட வைச்சுக் கட்டினனான். கடலோட போயிட்டுது."

அம்மா நான் சொன்னதைக் கேட்டாரா என்று தெரியவில்லை. பதிவேட்டில் இருந்த என் கையெழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குச் சிங்களம் வாசிக்கத் தெரியாது. கையெழுத்து தெரியும்.

"நீங்கள் சாப்பிடேல்லை அம்மா. அதுதான்..."

"நிமித்திப்போட்டே விட்டனி?"

எனக்கு உடனே விளங்கவில்லை.

"மடிஞ்சு கிடந்ததை. நிமித்திப்போட்டே விட்டனி, இல்லாட்டி அப்பிடியே விட்டனியோ?"

"அப்பிடியேதான்."

சார்ஜன்ட் திரும்பி வந்து, தொலைந்த திகதி எது என்று கேட்டார். நான் வாய் திறக்குமுன் அம்மா சொன்னார். அந்தியேட்டி நடந்த நாள், மாதம், வருஷம். தமிழில்தான் சொன்னார். நான் மொழிபெயர்த்தேன். அவர் எழுதி, காட்டிய இடத்தில் அம்மா கையெழுத்து வைத்தார். மற்ற நேரங்களில் 'நாகேஸ்வரி' என்று நாலு தரம் நின்று எழுதுபவர், அன்று ஒரே மூச்சில் எழுதினார்.

பிரதியை என்னிடம் தந்து, திணைக்களத்தில் கொடுக்கும்படியும், புதுத் தகடு வந்ததும் ஸ்கூட்டியை எடுக்கலாம் என்றும் சார்ஜன்ட் சொன்னார். அம்மாவைப் பார்த்துக் கைகூப்பினார். அம்மாவும் கூப்பினார்.

பஸ் தரிப்பிடத்தில் வெயில். அம்மா எனக்கு முன்னால் ஏறி, ஒரு ஆள் மட்டும் இருக்கக்கூடிய இடமாகப் பார்த்து, யன்னலோரம் இருந்தார். நான் இரண்டு சீட் பின்னால் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கொண்டக்டர் அம்மாவிடம் வந்து, எத்தனை பேர் என்று கேட்டார்.

நாங்கள் சேர்ந்து போகும்போது எப்போதும் அம்மாதான் இரண்டு பேருக்கும் டிக்கட் எடுப்பார். நான் சம்பாதிக்கத் தொடங்கிய பிறகும் அப்படித்தான்.

அம்மா யன்னலுக்கு வெளியே பார்த்தபடி ஒரு விரலைக் காட்டினார்.

கொண்டக்டர் டிக்கட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு என்னிடம் வந்தார். நான் வெள்ளவத்தை என்றேன். அவருக்குக் கேட்கவில்லை போல. இன்னொரு தரம் சொல்ல வேண்டியிருந்தது.