இடுப்பு சொன்ன விலை

பாப்பாரப்பட்டி மாட்டுச் சந்தையில் வாய்விட்டு விலை பேசுகிறவன் ஒன்று வெளியூர்க்காரன், இல்லையென்றால் ஏமாறப் போகிறவன். விவரம் தெரிந்தவர்கள் பேசுவது தோள்துண்டுக்கு அடியில். இரண்டு தரகர்கள் கை கொடுத்துக்கொள்வார்கள், மேலே துண்டு விழும். உள்ளே விரல் தொட்டுக் கேட்கும், விரல் தொட்டு மறுக்கும். தொட்ட விரலை இறுக்கிப் பிடித்துவிட்டால் வியாபாரம் முடிந்தது. அப்புறம் கலெக்டரே வந்து சொன்னாலும் மாடு திரும்பாது.

அந்தத் துண்டுக்குள் இருபத்தாறு வருஷம் கை தவறாத அப்துல் சுபான், எண்பத்து நாலாம் வருஷம் மாசி மாதச் சந்தையில் தவறினார். நஞ்சம்மாளின் கறவைப் பசுவை விற்றுக் கொடுக்க நின்றார். வாங்கும் பக்கத்துத் தரகர் தீர்த்தகிரி. அவர் தொட்டது அடிமாட்டு விலை. சுபான் மறுக்கத்தான் போனார். அந்த நேரம் பார்த்து வலது இடுப்புக்குப் பின்பக்கம் கடப்பாரையை இறக்கினதுபோல ஒரு வெட்டு. கை தானாக இறுகியது. உள்ளே இருந்தது தீர்த்தகிரியின் விரல்.

"முடிஞ்சிதுங்க பாய்!" என்று தீர்த்தகிரி துண்டை உருவி உதறினார். அவருக்கே நம்ப முடியவில்லை.

இடுப்பு வலி என்று சொல்ல சுபானுக்கு வாய் வரவில்லை. தரகனுக்கு இடுப்பு போச்சு என்றால், அடுத்த வாரம் அவன் ஓட்டி வரும் மாட்டுக்கும் இடுப்பு போச்சு என்பார்கள்.

நஞ்சம்மாள் சண்டை போட்டிருந்தால்கூடத் தேவலை. "கை தவறிடுச்சு, வுடுங்க," என்றாள். "வைகாசியில காளைக் கன்னு ஜோடிய ஓட்டியாறேன். அதும் தவறுச்சின்னா வேற தரகரப் பாத்துக்கறேன், கோவிச்சிக்காதீங்க." சந்தையில் ஒருத்தி ஆளை மாற்றினால் போதும், மற்றவர்களுக்குக் காரணம் தேவைப்படாது.

தைலம், எருக்கிலை ஒத்தடம், சுளுக்கு எடுப்பவரின் முழங்கை எல்லாவற்றையும் சுபான் பார்த்தாகிவிட்டது. நின்றால் வலித்தது, படுக்கையில் புரண்டால் வலித்தது. நடந்தால் மட்டும் கொஞ்சம் தேவலை. இது என்ன கணக்கு என்று அவருக்குப் புரியவேயில்லை.

"பென்னாகரம் ரோட்டு சர்ச்சு சாமியார் ஆஸ்பத்திரியில ஒருத்தர் இருக்காராம்," என்றாள் மனைவி அஸ்கரி பேகம். "மாத்திரை கெடையாது, ஊசி கெடையாது. காலைத் தூக்குங்க, எறக்குங்கன்னே கொணப்படுத்தறாராம்."

"காலைத் தூக்கறதுக்கு பஸ் ஏறிப் போவணுமா?" என்று கேட்டுவிட்டு மறுநாளே போனார்.

அங்கே சவுரியப்பன் என்ற அந்த மனுஷர் எடுத்தவுடன் அவரை நடக்கச் சொன்னார். திரும்பச் சொன்னார். குனிந்து அவர் குதிகாலைப் பார்த்தார்.

"பல்லையும் புடிச்சிப் பாத்துடுங்க," என்றார் சுபான். "வயசு தெரிஞ்சிடும்."

"இடுப்பு போதுங்க. வலது கால்ல மட்டும் நில்லுங்க."

நின்றார். இடது பக்க இடுப்பு சரிந்து இறங்கியது.

"ஏர் ஓட்டுவீங்களா? மூட்டை தூக்குவீங்களா?"

"தூக்கச் சொல்லித்தாங்க பழக்கம்."

"அப்ப ஒரு பக்கம் மட்டும் எப்படிங்க கெட்டுப்போவும்?" சவுரியப்பன் தாடையைச் சொறிந்தார். "என்ன வேலைதான் செய்யறீங்க?"

"மாட்டுத் தரகுங்க, இருவத்தாறு வருசமா. கை குடுங்க, காட்டறேன்."

சுபான் துண்டைப் போட்டு அவர் விரலைத் தொட்டார். தொட்டதும் பாரம் முழுக்க வலது காலில் இறங்கியது. பாதம் நட்டது நட்டபடி இருக்க, இடுப்புக்கு மேலே உடம்பு இடது பக்கம் முறுக்கிக்கொண்டது. முகம் ஜன்னலைப் பார்த்தது.

"ஏன் மூஞ்சிய அந்தாண்ட திருப்பிக்கறீங்க?"

"விரல் பேசறப்ப மூஞ்சி ஒளறிடுமுங்க."

"அப்படியே நில்லுங்க, அசையாதீங்க." சவுரியப்பன் பின்னால் போய், முதுகு முடியும் இடத்துக்கு வலப்பக்கம் கட்டைவிரலை வைத்து அழுத்தினார். சுபான் போட்ட சத்தத்தில் வாசலில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

"இடுப்பெலும்பையும் முதுகெலும்போட அடியையும் சேத்துக் கட்டியிருக்கறது நாருங்க. லிகமென்ட்டுன்னு சொல்லுவோம். வண்டி மாட்டுக்குப் பூட்டாங்கயிறு இருக்குதில்ல, அது மாதிரி. இருவத்தாறு வருசம் ஒரே பக்கமா இழுத்தா?"

"கயிறு தளந்துடும். நுகத்தடி ஆடும். மாட்டுக் கழுத்து புண்ணாயிடும்," என்றார் சுபான். சொல்லிவிட்டு, தன் இடுப்பைத் தானே முதல் தடவையாகப் பார்ப்பதுபோலத் திரும்பிப் பார்த்தார்.

"திரும்பாதீங்க! திரும்பணும்னா காலோட திரும்புங்க. ரெண்டு கால்லயும் பாரத்தப் போடுங்க. நாருக்கு ரத்த ஓட்டம் கம்மி, மெதுவாத்தான் ஆறும். சுத்தி இருக்கற சதையப் பலமாக்குனா அதுக்கு பாரம் கொறையும். மூணு எக்சர்சைஸ். காலையிலயும் சாயங்காலமும் ஒவ்வொண்ணும் பதினஞ்சு தடவ."

"எட்டு வெச்சிக்கலாம்."

"பதினஞ்சு."

"சரி, உங்களுக்கும் வேணாம் எனக்கும் வேணாம். பத்து."

"பாய், இது உங்க இடுப்பு. எங்கிட்ட கொறைச்சி வாங்குனா நஷ்டம் யாருக்கு?"

சொன்ன விலைக்கே ஒரு சாமானை சுபான் வாங்கிக்கொண்டு வந்தது வாழ்நாளில் அன்றைக்குத்தான்.

மல்லாந்து படுத்து முழங்காலை மடக்கி இடுப்பை மட்டும் மெல்லத் தூக்கி இறக்கினார். ஒருக்களித்துப் படுத்து, பாதம் இரண்டும் ஒட்டியிருக்க மேல் முழங்காலைப் பிரித்தார். கடைசியாக நாலு காலில் நின்று ஒரு கையையும் எதிர்ப்பக்கக் காலையும் நீட்டினார். "மாடு வித்து வித்து மாடாவே ஆயிட்டீங்க," என்றாள் அஸ்கரி பேகம். ஆனாலும் எண்ணிக்கை குறையாமல் பக்கத்திலிருந்து பார்த்துக்கொண்டாள். மூன்று வாரம் ஒன்றும் தெரியவில்லை. நாலாவது வாரம் ஒரு விடியற்காலை, மூச்சைப் பிடிக்காமலே புரண்டு படுத்திருக்கிறோம் என்பது அவருக்கு உறைத்தது.

வைகாசிச் சந்தை. நஞ்சம்மாள் காளைக் கன்றுகளைப் பிடித்தபடி சுபானின் கையையே பார்த்துக்கொண்டு நின்றாள். எதிரே அதே தீர்த்தகிரி. துண்டு விழுந்தது.

சுபான் இரண்டு காலிலும் சமமாக நின்று தீர்த்தகிரியின் முகத்துக்கு நேரே பார்த்தார்.

"என்னங்க பாய், பொண்ணு பாக்க வந்த மாதிரி பாக்கறீங்க?" தீர்த்தகிரிக்குக் கூச்சமாகப் போய்விட்டது. தன் முகத்தைத் திருப்பிக்கொண்டார். முகத்தோடு உடம்பும் முறுக்கிக்கொண்டது.

சுபான் உச்ச விலையைத் தொட்டார். ஐந்தாறு படி இறங்கலாம் என்று வைத்துத் தொட்ட விலை அது. தொட்ட கையோடு தீர்த்தகிரியின் பிடி இறுகியது. உதடு உள்ளே மடிந்தது.

அந்த உதட்டை சுபானுக்கு நன்றாகத் தெரியும். மாசி மாதம் வலி வெட்டியபோது அது அவருடைய சொந்த முகத்தில் இருந்தது.

துண்டை உதறியிருந்தால் அத்தோடு முடிந்திருக்கும். ஆனால் கேட்காமல் இருக்க மனசு கேட்கவில்லை. காதோரம் குனிந்தார். "கவுண்டரே, இது விலையா, இடுப்பா?"

தீர்த்தகிரியின் கண் ஒரு சுற்று சுற்றி வந்தது. இடுப்பு என்று சொல்லிக் கழன்றுகொண்டால், பாயின் இடுப்பால் கைக்கு வந்த மாசி மாதப் பசுவுக்கும் பதில் சொல்ல வேண்டியிருக்கும். அதைவிட, சுற்றி நாற்பது பேர் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார்கள்.

"என்ன கேள்வி பாய் இது? விலைதான்!"

சுபான் துண்டை எடுத்தார். விலையைக் கேட்ட நஞ்சம்மாள் கயிற்றைக் கொடுத்துவிட்டு, "அடுத்தது கெடாரிக் கன்னு இருக்குதுங்க, நீங்கதான் நிக்கணும்," என்றாள்.

கன்றுகளை ஓட்டிக்கொண்டு வலது காலை லேசாக இழுத்து நடந்த தீர்த்தகிரியை சுபான் எட்டிப் பிடித்தார்.

"பென்னாகரம் ரோட்டுல சவுரியப்பன்னு ஒருத்தர் இருக்காருங்க. மாட்ட ஓட்டிப் பாக்கற மாதிரி பாப்பாரு."

"எனக்கெதுக்குங்க?"

"உங்களுக்கில்ல. யாராச்சும் கேட்டா சொல்லுங்க."

பத்தடி போன பிறகு தீர்த்தகிரி நின்றார். கழுத்தைத் திருப்பாமல், மாட்டிடம் கேட்பதுபோலக் கேட்டார்.

"என்னமோ தூக்கி எறக்கணுமாமே. எத்தன தடவ?"

"பதினஞ்சு."

"பத்துக்கு ஒத்துக்க மாட்டாரா?"