ஐந்து ஒற்றை எண்கள்

கணக்குத் தேர்வு தொடங்கி ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை, தையல் டீச்சருக்கு இருப்புக்கொள்ளவில்லை. ஏழாவது அறைக்கு அவள்தான் கண்காணிப்பாளர். மூன்றாவது வரிசையில் ஒரு பெண் எழுதுவதும் அழிப்பதுமாக இருந்ததில் தாளே கிழிந்துவிடும் போலிருந்தது. அவளுக்கு முன்னால் இருந்தவன் நகத்தைக் கடித்துத் துப்பினான். எல்லாருமே ஒரே கேள்வியில் முட்டிக்கொண்டு நின்றார்கள்.

மிச்சமிருந்த வினாத்தாளை எடுத்துப் பார்த்தாள். ‘50 என்ற எண்ணை ஐந்து வெவ்வேறு ஒற்றைப் பகா எண்களின் கூடுதலாக எழுதுக.’

அவளுக்கும் கணக்குக்கும் ஏழாம் பொருத்தம். இருந்தாலும் தாளின் ஓரத்தில் கூட்டிப் பார்த்தாள். 3, 5, 7, 11, 23. நாற்பத்தொன்பது. இருபத்துமூன்றை எடுத்துவிட்டு 29 போட்டால் ஐம்பத்தைந்து. என்ன செய்தாலும் ஐம்பது மட்டும் பிடிகொடுக்கவில்லை. கொக்கியையும் வளையத்தையும் ஜோடி சேர்த்தே பழகிய கை. சட்டென்று உறைத்தது.

வராந்தாவில் நின்ற மாற்று ஆசிரியையை அறையில் விட்டுவிட்டு, வினாத்தாளோடு தலைமைக் கண்காணிப்பாளரிடம் ஓடினாள்.

“சார், ஐம்பதைப் பிரிக்கச் சொல்ற இந்தக் கேள்விக்கு விடையே கிடையாது.”

“நீங்க தையல் டீச்சர்தானே?” என்றபடி அவர் பேனாவை எடுத்தார். கொஞ்ச நேரம் கிறுக்கினார். “இதோ, 2, 5, 7, 17, 19. வந்துடுச்சே!”

“ரெண்டு எப்போ சார் ஒற்றை எண்ணாச்சு?”

அவர் பேனா நின்றது.

“ஒற்றை எண்ணை ஜோடி ஜோடியாப் பிரிச்சா ஒண்ணு மிஞ்சும். அஞ்சு எண்ணுக்கு அஞ்சு மிஞ்சும். அதையும் ஜோடி போட்டா, கடைசியில ஒண்ணு தனியா நிக்கும். பிள்ளைங்க தலைகீழா நின்னாலும் ஐம்பது வராது சார்.”

“‘ஒற்றை’ன்னு ஒரு வார்த்தை தப்பா நுழைஞ்சிருக்கு,” என்று முணுமுணுத்தார். “ஆனா மேலிடத்துல கேட்காம நாம வாயத் திறக்கக் கூடாதும்மா.”

மூன்று முறை போன் போட்டார். மூன்று முறையும் மறுமுனையில் வேறு யாருடனோ பேசிக்கொண்டிருந்தார்கள். அவள் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். சொல்லாமல் கொள்ளாமல் ஏழாவது அறைக்குத் திரும்பி நடந்தாள்.

“அந்த ஐம்பது வர்ற கேள்வி தப்பு. விட்டுட்டு அடுத்ததுக்குப் போங்க!”

அறை முழுக்கத் தாள் புரளும் சத்தம். பின்னாலேயே மூச்சிரைக்க வந்தவர், “என்ன காரியம் பண்ணிட்டீங்க!” என்றார்.

“பண்ணிட்டேன் சார். மத்த ரூம் பிள்ளைங்க என்ன பாவம் பண்ணாங்க?”

அவர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார். பிறகு எட்டாவது அறைக்குள் தானே நுழைந்தார். அடுத்து ஒன்பது, பத்து என்று போய்க்கொண்டே இருந்தார்.

மறுவாரம் இருவருக்கும் விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. அதற்கு மறுவாரம், அச்சுப்பிழை என்று ஒப்புக்கொண்டு, எல்லாருக்கும் அந்தக் கேள்விக்கு முழு மதிப்பெண் என்று அறிவித்தார்கள். கடிதத்தை மட்டும் யாரும் திரும்பப் பெறவில்லை.

அது அவளுக்குப் பெரிதாகப் படவில்லை. மணி அடிக்கும்வரை அந்த ஒரே கேள்வியோடு மல்லுக்கட்டி, தெரிந்ததையும் எழுதாமல் எழுந்துபோன வேறு ஊர்ப் பிள்ளைகள்தான் மனதை அரித்தார்கள். அவர்கள் எத்தனை பேர் என்று கேட்டு மேலிடத்துக்கு எழுதினாள். இதுவரை பதில் இல்லை.