வால் போட்ட வட்டம்

என் தம்பி லோவல் பதினொரு வருடமாக எனக்கு ஒரே வாக்கைக் கொடுத்துவருகிறான். "முதல் பரிசுத் தகடு மட்டும் வரட்டும்க்கா. மறுநாளே உன்ன வண்டியில ஏத்தி ஆத்தோர ரோட்டுல ஒரு சுத்து சுத்திக் காட்டறேன்."

அதுவரை அவனுடைய ஹாலிஸ்டர் கெஸ்ட்ரல் கார் தரையில் ஓடக் கூடாதாம். பழைய கார்க் கண்காட்சிக்குக்கூட இன்னொரு வண்டியின் முதுகில் ஏறித்தான் போகும். கூரையில்லாத, இரண்டே இருக்கை உள்ள கார். காற்று முகத்தில் அடிக்கட்டும் என்றே செய்தது. இந்த மடையன் அதற்குப் போர்வை போர்த்திக் கொட்டகையில் வைத்திருந்தான்.

கெஸ்ட்ரல் எங்கள் ஊர்த் தொழிற்சாலையில் பிறந்தது. 1954இல் மொத்தம் நூற்று எண்பத்தேழு செய்தோம். மிச்சம் இருப்பவை இருபத்துமூன்று என்பது கெஸ்ட்ரல் வைத்திருப்பவர்களின் கிளப் கணக்கு. அத்தனைக்கும் கடைசி இன்ஸ்பெக்டர் நான்தான், வெல்டா. எஞ்சின் மூடியைத் திறந்து பார்த்து, எஞ்சினுக்குப் பின்னால் உள்ள தகட்டில் மஞ்சள் மெழுகுக் குச்சியால் குறி போடுவேன். பிறகு ஆண்கள் ஏறி முடி பறக்க ஓட்டிப் போவார்கள். நான் குச்சியோடு கேட்டில் நிற்பேன். ஒருநாள்கூட என்னை ஏற்றிக்கொண்டதில்லை. அப்போது வயிறு எரிந்தது. அறுபத்தெட்டு வயதிலும் எரிகிறது.

போன வருடம் லோவல் ஒரே ஒரு புள்ளியில் தோற்றான். தொழிற்சாலையில் போட்ட மஞ்சள் குறி இல்லையாம். பெயின்ட் அடித்தபோது இவனே அதைத் தேய்த்துக் கழுவியிருக்கிறான். சுத்தம் சோறு போடும் என்பார்கள். இவனுக்குப் புள்ளி போனதுதான் மிச்சம்.

இந்த வருடம் கிளப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு என் சமையலறைக்கு வந்தான். நாற்பத்தோராம் பக்கத்தில் ஒரு படம்: வட்டம், அதற்கு ஒரு வால். கிளப் தலைவரும் தலைமை நடுவருமான பர்டெட்டின் காரில் எடுத்தது. ஒரு திருகாணிகூட மாற்றாத கார் என்று அவருக்குப் பெருமை.

"நீதானே அப்பப் போட்ட. உன் கையாலயே இதே மாதிரி போட்டுக் குடுக்கா."

எனக்குச் சிரிப்பில் காபி மூக்கில் ஏறிவிட்டது. "டேய், வெறும் வட்டம்னா வண்டி சரி. வால் போட்டா தண்ணி ஒழுகுது, திருப்பி அனுப்புன்னு அர்த்தம். அந்த வண்டிய நான்தான்டா திருப்பி அனுப்பினேன். ஃபேக்டரிய மூடின வாரம், இருந்ததையெல்லாம் அப்படியே வெளிய தள்ளிட்டாங்க."

"புக்குல வால் இருக்குல்ல? உங்களுது ஒழுகல் வண்டின்னு பர்டெட்கிட்ட நான் போய்ச் சொல்லவா? பேசாம வாலப் போடு. உனக்கு ரவுண்டு வேணுமா, வேண்டாமா?"

வேண்டும். வாலைப் போட்டேன்.

ஆகஸ்ட் ஞாயிற்றுக்கிழமை, சந்தை மைதானத்தில் பதினொரு கெஸ்ட்ரல்கள் நின்றன. பர்டெட் வெள்ளைக் கையுறையும் டார்ச்சுமாக எங்கள் காருக்குள் தலையை விட்டார். "அடடா, இந்த வாலப் பாருங்க! அந்தக் காலத்து ஆளு கைன்னா கைதான்!" நான் பன்றிக்கறி சாண்ட்விச்சைத் தின்றுகொண்டிருந்தேன். முழுப் புள்ளி. தகட்டை வாங்கியபோது லோவல் அழுதுவிட்டான்.

"நாளைக்கு எத்தனை மணிக்குடா?" என்றேன்.

தகட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டான். "அக்கா... இது இப்ப பரிசு வாங்கின வண்டி. ரோட்டுல ஒரு கல்லு தெறிச்சா என்ன ஆகும்? அடுத்த வருஷம் மாநிலப் போட்டி இருக்கு. அது மட்டும் முடியட்டும்."

தம்பியை எனக்குத் தெரியாதா? சமையல் குறிப்புப் பெட்டியில் முப்பத்தேழு வருடம் கிடந்த என் இன்ஸ்பெக்டர் அட்டையைக் காலையிலேயே கைப்பையில் போட்டுக்கொண்டுதான் வந்திருந்தேன். நேராகப் போய் மைக்கைப் பிடுங்கி, எந்தக் குறிக்கு என்ன அர்த்தம் என்று அதிலிருந்து வாசித்தேன்.

பதினொரு மூடிகளும் படபடவென்று திறந்தன. உள்ளே பதினொரு வால்கள். பர்டெட்டுடையது தவிர எல்லாம் புத்தகத்தைப் பார்த்து அக்கறையாகப் போட்டவை.

பர்டெட் அட்டையைக் கையுறை விரலால் ஓரமாகப் பிடித்தார். "அசல் அட்டை! மூலையில எண்ணெய்க் கறைகூட அசல்!" கூட்டமே முட்டி மோதியது. அவர் கண் மூன்றாவது வரிக்குப் போனதும் முகம் தொங்கிவிட்டது. "அப்ப என் வண்டி... இத்தனை வருஷமா..."

"ஃபெயிலு."

"துணியால தொடச்சிடலாமா?"

"தொட்டுப் பாருங்க தெரியும்! வால அழிக்கிற அதிகாரம் இன்ஸ்பெக்டருக்கு மட்டும்தான். வண்டிய நாலு மைல் ரோட்டுல ஓட்டணும். இன்ஸ்பெக்டர் பக்கத்துல உக்காந்து பாக்கணும். அப்புறம்தான் அழிக்கலாம்."

"இன்ஸ்பெக்டர் யாராவது இன்னும்..."

"வண்டி இருபத்துமூணு மிச்சம் இருக்கு. இன்ஸ்பெக்டர் ஒண்ணே ஒண்ணுதான்."

பர்டெட் ஓடிப் போய்க் கதவைத் திறந்துவிட்டார். சிவப்பு இருக்கையில் உட்கார்ந்தேன். சோளக் காட்டு வளைவில் என் தலைத்துணி பறந்து போயிற்று, எட்டிப் பிடிக்கக்கூட இல்லை. கத்தினேன், சிரித்தேன், கண்ணில் தண்ணீர் வந்தது. முதல் மைலில் பயந்து பயந்து ஓட்டிய பர்டெட், மூன்றாவது மைலில் சீட்டியடித்தார்.

"ஒழுகுதா மேடம்?" என்று பாலத்தில் கேட்டார்.

"இன்னும் ஒரு மைல் பாக்கணும்."

திரும்பி வந்தால் பத்துக் கார்கள் எஞ்சினை ஓடவிட்டுக் காத்திருந்தன. லோவல் தகடும் கையுமாக ஓடி வந்தான். "அக்கா, சொந்தத் தம்பி வண்டிய மொதல்ல..."

"வரிசையில நில்லுடா."

இன்ஸ்பெக்டர் பக்கத்தில் உட்கார வேண்டும் என்று எந்தக் காலத்திலும் விதி இருந்ததில்லை. அந்த மைக்குக்கு முன்னால் நின்றபோது நானே உண்டாக்கியது. அசல் அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு அத்தனை பேரும் கறையைத்தான் பார்த்தார்கள். கடைசி வரி வரைக்கும் ஒருவரும் படிக்கவில்லை.

பத்து வண்டிகளின் வாலை அன்று சாயங்காலமே அழித்துக் கொடுத்தேன். லோவல் வண்டியின் வால் மட்டும் இன்னும் அப்படியே இருக்கிறது. லேசாக ஒழுகுகிறது என்று சொல்லியிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் ஆற்றோரச் சாலையில் ஓட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.