ரோட்ஸை யாரும் தாக்கவில்லை

ஆறாவது ஞாயிற்றுக்கிழமையும் ரோட்ஸ்தான் ஜெயித்தது.

செலினா பென்சிலைக் கீழே வைத்துவிட்டு மேசையையே பார்த்தாள். மலாய் நாட்டுச் சிற்றூரான மெர்லிமாவில் தங்கையா வீட்டுக் கார் போர்ச். மேசை முழுக்க விரித்த வரைபடத்தில் மக்கெதோனியா, ஏதென்ஸ், ஸ்பார்ட்டா மூன்றும் வண்ணம் வண்ணமாகக் கிடந்தன. தென்கிழக்கு மூலையில் கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு தீவு. அதுதான் ரோட்ஸ். மற்ற மூவரும் அடித்துக்கொண்டு நைந்துபோயிருக்க, தீவின் மீது மட்டும் ஒரு கீறல் இல்லை.

"நானா மறுபடியும்?" என்றார் மங்களம், அப்போதுதான் தெரிந்தது போல. பள்ளிக்கூடத்தில் கேண்டீன் நடத்துபவர். ஆறு வாரமாக ரோட்ஸ் அவர் கையில்தான் இருந்தது.

"நீங்கதான் ஆன்ட்டி. கங்கிராட்ஸ்," என்றான் புவனேஷ். மோட்டார் சைக்கிள் பட்டறையில் வேலை செய்யும் அவனிடம்தான் மக்கெதோனியா. வரைபடத்திலேயே பெரிய படை. தோற்றவனுக்கு வரவேண்டிய கோபத்தில் கால்வாசிகூட அவன் முகத்தில் இல்லை.

"இவனுக்கு என்னை மட்டும்தான் கண்ணுல தெரியும்," என்று முனகினார் தங்கையா. எண்ணெய் ஆலைக்குச் செம்பனைக் குலை ஏற்றும் லாரி ஓட்டுபவர், ஏதென்ஸ்காரர். ஸ்பார்ட்டாவை வைத்திருந்த பிச்சைமுத்து வழக்கம் போல ஒன்றும் சொல்லாமல் காய்களை அடுக்கினார்.

ஆட்டம் நிவேந்திரனுடையது. புக்கிட் பெருவாங்கில் கடைவீட்டு மாடியில் இரண்டு அறை எடுத்துப் பலகை ஆட்டங்கள் உருவாக்குபவன். அலெக்சாண்டர் செத்த பிறகு கிரேக்க நாடுகள் ஒன்றையொன்று கடித்துக் குதறிய காலம்தான் கதை. மூன்று அணிகளை அவனே எழுதிவிட்டான். நான்காவதான ரோட்ஸை எழுதும் பொறுப்பு செலினாவுடையது. வரலாற்றுப் பட்டப்படிப்பை இரண்டாம் ஆண்டில் பாதியில் விட்டவளுக்கு, படித்ததில் மிச்சமிருந்தது அந்தத் தீவு ஒன்றுதான். இப்போது குருபோங்கில் ஒரு தொழிற்சாலையில் இரவு ஷிப்ட். பூதக்கண்ணாடி வழியாகச் சர்க்யூட் பலகையில் விரிசல் தேடும் வேலை. நான்கு வருடமாகிறது. சனிக்கிழமை நிவேந்திரன் நேரில் வந்து ஓர் ஆட்டம் பார்ப்பான். ரோட்ஸ் சரியாக நின்றால் வேலை உறுதி, ஷிப்டுக்குக் கும்பிடு. சரியில்லை என்றால் தீவும் போகும், அவளும் போவாள்.

அவன் திங்கட்கிழமை போனில் பேசினான். "இருக்கிறதுலயே சின்ன அணி ஆறு தடவையும் ஜெயிக்குதுன்னா எங்கயோ ஓட்டை இருக்கு செலினா. நீ கப்பலைக் குறைச்சியா இல்லியா?"

"ஆறு இருந்துச்சு, நாலாக்கினேன். அப்புறம் மூணு. மதிலையும் ஒரு அடுக்கு எடுத்துட்டேன்."

"அப்புறம் எப்படி லா?"

அதுதான் அவளுக்கும் தெரியவில்லை. பயத்தைவிட அதுதான் அவளை அதிகம் அரித்தது. போனை வைத்துவிட்டு ஆறு ஆட்டத்தின் குறிப்புகளையும் தரையில் பரப்பினாள். ஒவ்வொரு நகர்த்தலையும் அவளே எழுதி வைத்திருந்தாள். ஓட்டை எண்ணில்தான் இருக்கும் என்று இதுவரை எண்களையே பார்த்துக்கொண்டிருந்தவள், முதல்முறையாகக் கப்பல்கள் போன வழியைப் பார்த்தாள்.

மக்கெதோனியக் கடற்படை முற்றுகைக் கோபுரங்களை ஏற்றிக்கொண்டு ரோட்ஸுக்கு ஒரு கட்டம் முன்புவரை வருகிறது. நிற்கிறது. பிறகு திரும்பிப் போய் ஏதென்ஸை அடிக்கிறது. ஆறு ஆட்டத்தில் ஒன்பது முறை.

அன்று மத்தியானமே பட்டறைக்குப் போனாள். புவனேஷ் ஒரு பழைய மோட்டார் சைக்கிளின் செயினைக் கழற்றிக்கொண்டிருந்தான்.

"ரோட்ஸ்கிட்ட வந்து ஏன்டா திரும்பிப் போற?"

"காத்து சரியில்ல லா."

"ஆட்டத்துல காத்தே கிடையாது."

"நான் மனசுல வெச்சுக்கிட்டேன்."

"மூணு கப்பல்டா அவங்ககிட்ட. உன்கிட்ட பதினொன்னு."

அவன் செயினை ஏதோ புதுப் பொருளைப் பார்ப்பது போலப் பார்த்தான். "ஏதென்ஸ்ல வருமானம் ஜாஸ்தி," என்றான். காது மடல் சிவந்திருந்தது.

தங்கையாவிடம் கேட்டபோது அவர் லாரிக்கு அடியிலிருந்து தலையை நீட்டினார்.

"உனக்குத் தெரியாதா? ஆமா, நீ சர்ச்சு ஆளு. உனக்கு எப்படித் தெரியும்." துணியில் கையைத் துடைத்துக்கொண்டு அக்கம்பக்கம் பார்த்தார். "மங்களம் மகள் தேவிஸ்ரீ ஜாதகமும் புவனேஷ் ஜாதகமும் கோயில் குருக்கள்கிட்ட இருக்கு. ரெண்டு மாசமாச்சு."

ஆட்டக்காரர்களைச் சேர்க்கும்போது நிவேந்திரன் ஒன்றே ஒன்றுதான் சொன்னான்: ஒருவருக்கொருவர் உறவாக இருக்கக் கூடாது. அதற்காகவே அவள் நான்கு வெவ்வேறு ஜாலானில், தெருவுக்கு ஒருவராக, ஆள் பிடித்து, தாள் கொடுத்து எழுதி வாங்கியிருந்தாள். நான்கு பேரும் இல்லை என்றுதான் எழுதியிருந்தார்கள்.

"ஏன் அங்கிள் அப்பவே சொல்லல?"

"நீ உறவான்னு கேட்ட. உறவு இல்லியேம்மா. பேச்சு முடிஞ்சாதானே உறவு? அதுக்கு முன்னாடி வெளிய சொன்னா கண்ணு பட்டுரும். அவங்க ரெண்டு பேரும்கூட மூஞ்சிக்கு நேரா ஒன்னும் தெரியாத மாதிரிதான் உக்காந்திருக்காங்க."

"இப்ப நீங்க சொல்றீங்க?"

"நான் ஏதென்ஸ்மா. ஒம்பது தடவை என் மேல வந்து விழுந்துட்டான். மனுசன் எவ்ளோதான் தாங்குறது?"

மறுநாள் ஓய்வு நேர மணி அடங்கியதும் செலினா கேண்டீனுக்குப் போனாள். மங்களம் மீ கோரெங் நூடுல்ஸ் வறுத்த சட்டியைக் கழுவிக்கொண்டிருந்தார். சுற்றி வளைக்காமல் கேட்டாள். அவரும் மறைக்கவில்லை.

"தெரிஞ்சுதான் உக்காந்தேன். பொண்ணைக் கட்டப்போறவன் எப்படி அடிக்கிறான், அடி வாங்கினா எப்படி இருக்கான்னு பாக்க வேற எடம் ஏது? ஜாதகம் சொல்லுமா?"

"அவன் உங்களை அடிக்கவே மாட்டேங்குறான் ஆன்ட்டி."

"எனக்கும் அதான் கவலை. மூணு வாரமா தானியக் கப்பலைக் காவல் இல்லாம வெளிய விட்டுப் பாத்தேன். மோந்து பாத்துட்டுப் போயிட்டான்." சட்டியைக் கவிழ்த்து வைத்தார். "இப்படிப் பயந்தாங்கொள்ளியா இருந்தா நான் என்னன்னு முடிவு பண்றது?"

பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்து செலினா யோசித்தாள். சிரிப்பும் வந்தது. அந்தக் காலத்து அரசர்களும் இதைத்தானே செய்தார்கள். ரோட்ஸை முற்றுகையிட்ட அரசன் திமித்ரியோஸே பிற்பாடு தன் மகளை எதிரி அரசன் செலூக்கஸுக்குக் கட்டிக் கொடுத்துக் கூட்டுச் சேர்ந்தான். புத்தகத்தில் அடிக்கோடிட்டுப் படித்தவள்தான். கல்யாண உறவை எண்ணாக மாற்ற முடியாது என்று ஆட்டத்திலிருந்து விட்டுவிட்டாள். அவள் விட்டது தானாகவே வந்து மேசையில் உட்கார்ந்திருக்கிறது. அது தெரியாமல் கப்பல் கப்பலாக, குற்றமே செய்யாத தீவை அறுத்திருக்கிறாள்.

வேறு ஆள் தேட மூன்று நாள்தான் இருந்தது. கிடைக்கவில்லை. ஆகவே இரண்டு காரியம் செய்தாள். எடுத்த மூன்று கப்பலையும் மதிலையும் ரோட்ஸுக்குத் திருப்பிக் கொடுத்தாள். சனிக்கிழமை எல்லோரும் உட்காரும்போது மக்கெதோனியாவை மங்களத்திடமும் தீவைப் புவனேஷிடமும் மாற்றி வைத்தாள்.

நிவேந்திரன் ஒரு நாற்காலியைத் தள்ளிப் போட்டுக்கொண்டு பார்த்தான்.

மங்களம் இரண்டாவது சுற்றிலேயே பாய்ந்தார். வலப்பக்கம் ஆறு கப்பல், இடப்பக்கம் ஐந்து, நடுவில் கோபுரங்கள். வெளித் துறைமுகம் ஒரே வீச்சில் போனது.

"ஆன்ட்டி, கொஞ்சம் மெதுவா லா," என்றான் புவனேஷ்.

"ராஜாவுக்கு ஏதுடா ஆன்ட்டி? டைஸ உருட்டு."

அவன் நான்காவது சுற்றுவரை மரியாதையாகத் தோற்றுக்கொண்டிருந்தான். ஐந்தாவதில் மேல் மதில் இடிந்தது. மங்களம் சிரித்தார். அந்தச் சிரிப்பு அவனை எங்கேயோ சுட்டிருக்க வேண்டும். நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டான். இருந்த கப்பலில் மூன்றைச் சுற்றுவழியாக அனுப்பி, தானியத்தை உள்ளே கொண்டுவந்தான். ஏழாவது சுற்றில் மங்களத்தின் பெரிய கோபுரம் மதிலடிக்கு வந்ததும் மிச்சமிருந்த எண்ணெய் அட்டைகள் எல்லாவற்றையும் அதன் மேல் அறைந்தான்.

"செத்தீங்க! எரிஞ்சு போச்சு பாருங்க! எடுங்க வெளிய!"

சொன்னது யாரிடம் என்று புவனேஷுக்கு அப்போதுதான் உறைத்தது. கை அந்தரத்தில் நின்றது. மங்களம் கோபுரக் காயை எடுத்து ஓரமாக வைத்தார்.

"இவ்ளோ நாளா இதை எங்கடா வெச்சிருந்த?" என்றார். குரலில் கோபம் இல்லை.

பத்தாவது சுற்று முடிந்தபோது ரோட்ஸ் ஒற்றை மதிலோடு மூச்சு வாங்கிக்கொண்டு நின்றது. விழவில்லை, ஜெயிக்கவும் இல்லை. தொல்லை இல்லாமல் துறைமுகம் சேர்த்த ஏதென்ஸ் ஜெயித்தது. தங்கையா எழுந்து நின்று கை தட்டிக்கொண்டார். பிச்சைமுத்துகூட "நல்லாயிருந்துச்சு" என்றார். ஏழு ஆட்டத்தில் ஸ்பார்ட்டா பேசிய ஒரே வார்த்தை.

நிவேந்திரன் செலினாவை வாசலுக்குக் கூட்டிக்கொண்டு போனான். முகம் மலர்ந்திருந்தது.

"இதான் லா நான் கேட்டது. கடைசி வரைக்கும் விழுமா விழாதான்னு உக்கார வெச்சிருச்சு. எந்த நம்பரை மாத்தின?"

ஏதாவது ஒரு நம்பரைச் சொல்லியிருந்தால் போதும். திங்கட்கிழமை வேலை. அவளுக்கும் அது தெரியும். உண்மை பேச வேண்டும் என்ற பெரிய கொள்கையெல்லாம் அவளிடம் இல்லை. ஆனால் நான்கு வருடம் விரிசல் தேடிய கண் அது. ஒரே ஒருமுறை சோதித்த பலகையை நல்லது என்று முத்திரை குத்தி அனுப்ப அதனால் முடியவில்லை.

"ஒன்னும் மாத்தலண்ணா. பழைய நம்பரேதான். ஆளைத்தான் மாத்தினேன்," என்று தொடங்கி ஜாதகம் வரைக்கும் சொன்னாள்.

நிவேந்திரன் முதலில் சிரித்தான். பிறகு சிரிப்பு வடிந்தது. "அப்ப ஆறு ஆட்டமும் குப்பை."

"குப்பைதான்."

"இது ஒன்னுதான் உருப்படி. இதுலயும் மாமியாரும் மருமகனும்."

"இன்னும் ஆகல."

அவன் இரண்டு விரலை நீட்டினான். "ரெண்டு வழி இருக்கு. ரோட்ஸைத் தூக்கிடு. மூணு அணியோட அடுத்த மாசம் அச்சுக்குப் போயிடும். நீ திங்கக்கிழமையே வந்து சேந்துக்க. அடுத்த ஆட்டத்துக்கு ஆள் வேணும் எனக்கு."

"இன்னொன்னு?"

"அச்சை ரெண்டு மாசம் தள்ளுறேன். ஒருத்தர் மூஞ்சி ஒருத்தருக்குத் தெரியாத ஆளுங்களைப் பிடிச்சு பத்து ஆட்டம். அதுல இது நிக்கலன்னா ரோட்ஸும் இல்ல, உனக்கு வேலையும் இல்ல. அதுவரைக்கும் நீ அங்கயேதான் ஷிப்ட் பாக்கணும். யோசிச்சுச் சொல்லு."

யோசிப்பதற்கு என்ன இருக்கிறது? புத்தி உள்ள எவளும் முதல் வழியைத்தான் எடுப்பாள். இரண்டு மாதம் என்றால் நாற்பது ஷிப்டுக்கு மேல். முதுகு வலி, பகலில் வராத தூக்கம், காலையில் வாயில் ஏறும் அந்த இரும்புக் கசப்பு. எல்லாம் அவளுக்குத் தெரிந்ததுதான்.

ஆனால் ஒன்று மட்டும் தெரியவில்லை. யாரும் யாருக்கும் பயப்படாத மேசையில் அந்தத் தீவு நிற்குமா? வேலையை வாங்கிக்கொண்டு தீவைத் தூக்கிவிட்டால் அது கடைசி வரைக்கும் தெரியாமலேயே போகும்.

"பத்து ஆட்டம் வெச்சுப் பாப்போம்," என்றாள்.

"கிறுக்கு," என்றான் நிவேந்திரன். கார் சாவியை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

ஞாயிறு பூசை முடிந்து வந்ததும் பெயர்ப் பட்டியல் போட்டாள். பிரான்க்ளினும் ஜோனிட்டாவும் ஞானஸ்நானத்தில் ஒரே ஞானத்தாய்க்குப் பிள்ளைகள். திவாகரின் அத்தையைக் கட்டியவர் பிச்சைமுத்துவின் பங்காளி. யுவனேஸ்வரன் யாருக்கும் சொந்தமில்லை என்று நினைத்தாள். அம்மாவிடம் கேட்டதில் செலினாவுக்கே மாமா முறை வந்தது. பன்னிரண்டு பெயர் எழுதிப் பன்னிரண்டையும் அடித்தாள்.

திங்கள் சாயங்காலம் ஆறரை மணித் தொழிற்சாலை பஸ். ஜன்னலோரம் வழக்கமாக உட்காரும் நேப்பாளக்காரன் அன்றும் அங்கேதான் இருந்தான். ஒன்றரை வருடமாகப் பக்கத்து இருக்கை. அவன் பெயர்கூட அவளுக்குத் தெரியாது. அவனுக்குப் பின்னால் இருந்த பங்களாதேஷ்காரரை அவனுக்குத் தெரியாது. கடைசி வரிசையில் இருந்த பர்மாப் பெண்ணை இருவருக்குமே தெரியாது. செலினா பஸ்ஸை ஒருமுறை முழுதாகத் திரும்பிப் பார்த்தாள்.

"ஞாயிற்றுக்கிழமை என்ன செய்வீங்க?" என்று அவனிடம் மலாயில் கேட்டாள்.

அவன் சந்தேகமாகப் பார்த்தான். தூங்குவேன் என்றான். அவள் ஆட்டத்தைப் பற்றிச் சொன்னாள். கைப்பையிலிருந்து வரைபடத்தை எடுத்து மடியில் விரித்தாள். அவன் குனிந்து பார்த்தான். பெரிய நாடுகளை விட்டுவிட்டு விரலை நேராக அந்தத் தீவின் மேல் வைத்தான்.

"இதை ஏன் இன்னும் யாரும் பிடிக்கல?" என்று கேட்டான்.

"தெரியல," என்றாள் செலினா. "நீங்க பிடிச்சுப் பாருங்க."