அப்பா இன்னும் சாப்பிடவில்லை

அன்று காலை எட்டு மணிக்கே ஷெங்தா சட்டை மாட்டித் தயாராக நின்றான். பன்னிரண்டு மணிக்குள் பத்திரம் எழுதுகிறவர் அலுவலகத்தில் அப்பாவின் வீட்டில் பாதிப் பங்குள்ள அக்கா மெய்யுனின் பெயர் முத்திரை விழவேண்டும்; கையெழுத்துக்குப் பதில் அங்கே அதுதான். இல்லாவிட்டால் வீட்டை வாங்கி இடித்துக் கட்ட வந்திருக்கும் ஆள் அடுத்த தெருவில் பார்த்துவைத்த மனைக்குப் போய்விடுவார். மெய்யுன் சித்தப்பா முன்னிலையில்தான் வாக்குக் கொடுத்திருந்தாள்: "அப்பாவோட வருஷத் திதி அன்னிக்கு, அவர் சாப்பிட்டு முடிச்சதும் முத்திரை குத்தித் தர்றேன்." இதில் ‘சாப்பிட்டு முடிச்சதும்’ என்பதை அவன் காதில் வாங்கவே இல்லை. அவசரக்காரன், பிறந்ததிலிருந்தே அப்படித்தான்.

தைவானில் ஜியாயி நகரத்தின் சந்தைத் தெருவில் மூன்று மாடி வீடு அது. கீழே, அப்பா போனபின் மெய்யுன் ஊர் திரும்பிப் போட்ட காலைச் சிற்றுண்டிக் கடை, அதன் பின்னால் அவள் படுக்கும் அறை. நடு மாடியில் தம்பி. மேலே முன்னோர் பெயர் எழுதிய மரப்பலகை இருக்கும் பூஜை மாடம். அப்பா போன இந்த ஓராண்டில் தம்பி செய்த அழிச்சாட்டியம் கொஞ்சநஞ்சமில்லை. ஃபிரிட்ஜில் தன் முட்டை ஒவ்வொன்றிலும் பேனாவால் பெயர் எழுதினான். ஏசி ரிமோட்டைப் பையில் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனான். அவள் ஸ்கூட்டர் நிறுத்தும் இடத்தில் பூந்தொட்டி வைத்தான்.

அதையெல்லாம் அவள் சகித்துக்கொண்டாள். ஒன்றைத்தான் சகிக்க முடியவில்லை. ஆஸ்பத்திரியில் அப்பா இழுத்துக்கொண்டு கிடந்தபோது, வெளியூரில் கடை வைத்திருந்த அவளுக்கு அவன் போன் செய்யவில்லை. ஆனால் துக்கத்துக்கு வந்தவர்களிடமெல்லாம், "கூப்பிட்டேன், கடையில கூட்டம்னு வரமாட்டேன்னுட்டா" என்று சொல்லிவைத்தான். ஊர் நம்பியது. சித்தப்பாவும் நம்பினார். அன்றிலிருந்து அவள் முகத்தைப் பார்த்து அவர் பேசுவதில்லை. அந்தப் பொய்யை அவன் வாயாலேயே, சித்தப்பா எதிரில் கக்கவைக்க வேண்டும். மெய்யுனுக்கு வேண்டியது அது ஒன்றுதான்.

சித்தப்பாவும் வந்து சேர்ந்ததும் மேல் மாடியில் படையல் வைத்து ஊதுவத்தி ஏற்றினார்கள். எள்ளெண்ணெய்க் கோழி, பொரித்த பால்கெண்டை, ஒரு கிண்ணம் சோறு. பாதி வத்தி எரிந்ததும் மெய்யுன் மண்டியிட்டுப் பிறைக்கட்டைகள் இரண்டையும் கையில் எடுத்தாள். போனவரிடம் கேள்வி கேட்டுத் தரையில் எறிகிற மரக்கட்டைகள் அவை; ஒரு பக்கம் தட்டை, மறுபக்கம் உப்பல். ஒன்று மல்லாந்து ஒன்று கவிழ்ந்தால் போனவர் சாப்பிட்டாயிற்று. இரண்டும் கவிழ்ந்தால் இன்னும் இல்லை. ஆச்சு என்று அவர் சொல்லும்வரை யாரும் கிண்ணத்தைத் தொடக்கூடாது, இடத்தை விட்டும் போகக்கூடாது.

"அப்பா, வயிறு நிறைஞ்சுதா?"

இரண்டும் கவிழ்ந்தன.

அவை கவிழாமல் என்ன செய்யும்? ஆறு மாதமாகக் கடை மூடியதும் ரப்பர் விரிப்பின் மேல் எறிந்து எறிந்து பழகியிருந்தாள். காலையில் நூறு முட்டை அடையைத் திருப்பிப்போடும் கை அது. மன்னிச்சுக்கோங்கப்பா என்று மனதுக்குள் மட்டும் சொல்லிக்கொண்டாள்.

பத்து மணிக்கும் இல்லை. பத்தரைக்கும் இல்லை.

"கோழின்னா அப்பாவுக்கு உயிராச்சே, இவ்வளவு நேரமா?" என்று ஷெங்தா கடிகாரத்தைப் பார்த்தான்.

"பல்லு இல்லாத மனுஷன்டா. மெதுவாத்தான் தின்பாரு."

"குடு, நான் போடறேன்."

"கேட்ட கையே கேக்கணும்" என்று சித்தப்பா அதட்டினார். "என்னமோ குறை இருக்கு. என்னன்னு கேளு."

பீரா? இல்லை. சிகரெட்டா? இல்லை. பதினொன்றுக்கு ஷெங்தாவின் போன் அடித்தது. "வந்துட்டே இருக்கேன் சார்" என்று கெஞ்சினான். வியர்வை வழிந்தது.

"சாமான்ல இல்லடா குறை" என்றார் சித்தப்பா. "ஆம்பளைப் பிள்ளை நீதானே? நீ என்னத்தப் பண்ணித் தொலைச்சே, சொல்லு."

"அப்பா... முட்டையில பேர் எழுதினது தப்புதான்."

மெய்யுன் எறிந்தாள். இல்லை.

"ரிமோட்டு. இன்னைக்கே குடுத்துடறேன்." இல்லை. "பூந்தொட்டி!" இல்லை.

மறுபடி போன் அடித்தது. மணி பதினொன்றே முக்கால். ஷெங்தா போனையும் பார்த்தான், அப்பாவின் பலகையையும் பார்த்தான். அவனுக்கு நிஜமாகவே பயம் பிடித்துவிட்டது.

"அக்காவை நான் கூப்பிடவே இல்லப்பா. நீங்க கேட்டுக்கிட்டே இருந்தீங்க. மூணு நாளும், மெய்யுன் வந்துட்டாளா, மெய்யுன் வந்துட்டாளான்னு. வந்தா வீட்டை அவளுக்குன்னு சொல்லிடுவீங்களோன்னு பயந்துட்டேன். வந்துட்டே இருக்கான்னு உங்ககிட்டயும் பொய் சொன்னேன்."

அவன் கூப்பிடாதது அவளுக்குத் தெரியும். அப்பா கேட்டுக்கொண்டே இருந்தது தெரியாது. ஓராண்டாகக் காத்திருந்த வார்த்தை கையில் வந்து விழுந்தபோது கூடவே இதுவும் வந்து விழுந்தது. இவனைக் கொன்று போட்டால் என்ன என்று தோன்றியது.

கட்டைகளை எறிந்தாள். பழகிய வித்தை எதுவும் அப்போது நினைவுக்கு வரவில்லை. ஒன்று மல்லாந்தது, ஒன்று கவிழ்ந்தது.

"ஆச்சு!" என்று ஷெங்தா துள்ளி எழுந்தான். "அப்பா சாப்பிட்டாச்சு! வாக்கா, இன்னும் பத்து நிமிஷம் இருக்கு. ஸ்கூட்டர்லயே போயிடலாம். முத்திரையை எடு!"

மெய்யுன் அப்பாவின் சோற்றுக் கிண்ணத்தை இரண்டு கையாலும் எடுத்து மேசையில் வைத்தாள். நாற்காலியை இழுத்துப் போட்டுச் சாவதானமாக உட்கார்ந்தாள்.

"அப்பா சாப்பிட்டாச்சு. நான் இன்னும் சாப்பிடலையே."

"அக்கா, விளையாடாதே! அந்த ஆள் போயிடுவான்!"

அவள் பால்கெண்டையின் வயிற்றுப் பக்கத்தைப் பிட்டு, முள்ளை ஒவ்வொன்றாகப் பார்த்துப் பார்த்து எடுத்துத் தட்டின் ஓரத்தில் வைத்தாள். பால்கெண்டையில் முள்ளுக்குப் பஞ்சமே இல்லை.

ஷெங்தா சித்தப்பாவின் பக்கம் திரும்பினான். "சித்தப்பா, நீங்களாவது சொல்லுங்க!"

கிழவர் அவனைத் தாண்டி நடந்தார். மெய்யுனுக்கு எதிரே வந்து உட்கார்ந்து, அவள் முகத்தை நேராகப் பார்த்தார்.

"எனக்கும் சோறு போடும்மா" என்றார். "நானும் மெதுவாத்தான் தின்பேன்."